கால்தடம் இல்லாத மணல்

பதினேழாவது மின்னஞ்சலில் அந்த அம்மாள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். மணலில் எங்கள் கால்தடத்தைத் தவிர வேறு யாருடைய கால்தடமும் இருக்கக் கூடாது.

ஸுவேனா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். நான்கு மாதமாக இந்தத் தம்பதிக்காகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சுற்றுலா வருபவர்களுக்குத் தீவு ஏற்பாடு செய்யும் இந்தத் தொழிலில் பதினெட்டு வருடம் போய்விட்டது. கொசு இல்லாத தீவு கேட்டவர்கள் உண்டு. இரவில் அலைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், கொஞ்சம் அமைதியான கடலாகப் பாருங்கள் என்று எழுதியவர்களும் உண்டு. அலையை அணைத்து வைக்க அவளிடம் என்ன விசையா இருக்கிறது? இருந்தாலும் எல்லோருக்கும் பணிவாகத்தான் பதில் எழுதினாள். கால்தடம் பற்றிக் கேட்டது மட்டும் இதுவரை யாருமில்லை. பெருக்கிவிட்டால் போயிற்று என்று நினைத்து, பட்டியலின் கடைசியில் 'தென்னை மட்டை, இரண்டு' என்று சேர்த்துக்கொண்டாள்.

பட்டியல் ஏற்கெனவே மூன்று பக்கம் ஓடியிருந்தது. வெள்ளைத் துணிக் கூடாரம், கட்டில், கொசுவலை, ஐஸ் பெட்டி நான்கு, குடிதண்ணீர், சிங்கி இறால், எலுமிச்சை, அந்த ஐயாவுக்குப் பால் கலக்காத ரொட்டி, அம்மாளுக்கு வெங்காயம் சேர்க்காத குழம்பு. அந்தத் தம்பதி தங்கப்போகிற கஷானி ஒரு சின்னத் தீவு. சுற்றி நடந்தால் அரை மணி நேரம். அதில் ஒரு வீடு கிடையாது, கிணறு கிடையாது. ஆளில்லாத தீவில் இரண்டு பேர் தனியாக இருக்க வேண்டுமென்றால் இருபது பேர் வேலை செய்ய வேண்டும், அந்த இருபது பேரும் கண்ணில் படக் கூடாது. இதைத்தான் அவள் பதினெட்டு வருடமாகச் செய்துவருகிறாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் ஒரு கடற்கரையில் சும்மா உட்கார்ந்ததில்லை.

பெம்பாத் தீவின் சாக்கே சாக்கே ஊர்க் கடைத்தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய அலுவலகம். கீழே மிஷின் சத்தம் நின்றது. தையல்காரர் ஹமாதி படிக்கட்டின் அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"பீபி ஸுவேனா! கூடாரத் துணி ரெடியாயிடும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னாடியே வந்து வாங்கிக்கோங்க."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கிறேனே."

"சாயங்காலம் நான் எங்க இருப்பேன்? ஊருக்குப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை பானை உடைக்கிற நாளாச்சே! என்ன பீபி, வெள்ளைக்காரங்களுக்குக் கட்டில் தூக்கித் தூக்கி, நோன்பு வர்றதே மறந்துபோச்சா?"

அவர் சிரித்துக்கொண்டே மிஷினுக்குத் திரும்பினார். ஸுவேனா பட்டியலைக் கீழே வைத்தாள்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குப் பானை உடைக்கும் நாள் என்று பெயர். பானை எதுவும் உடைவதில்லை. ஒரு மாதம் பகலில் அடுப்பு எரியாதே என்று, பானை உடைகிற அளவுக்குச் சமைத்து, கடற்கரைக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு தின்று தீர்ப்பார்கள். கிச்சாங்கா கிராமத்துக்காரர்கள் அதற்குப் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். பதினான்கு படகு, நூறு நூற்றைம்பது பெண்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள், மத்தளம், வாணலி, சட்டி, தட்டு எல்லாம் விடியற்காலை நீரேற்றத்தில் கிளம்பிப் போய் இறங்கும் இடம் கஷானி.

எப்படி மறந்தாள்? சுவரில் நீரேற்ற அட்டவணை தொங்கியது. அந்தத் தம்பதி இரண்டு தடவை தேதியை மாற்றினார்கள். மூன்றாவது தடவை அவள் அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறித்தாள். அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நன்றாக ஏறும், படகு பாறைமேட்டைத் தாண்டி மணல் வரைக்கும் போகும், அந்த அம்மாள் சேற்றில் கால் வைக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை வருகை, திங்கட்கிழமை கிளம்பல். மிகச் சரியான கணக்கு. அந்த அமாவாசை முடிந்து தெரிகிற பிறைதான் நோன்புப் பிறை என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஐம்பத்தொரு வயது முஸ்லிம் பெண் ஒருத்தி நிலாவைப் பார்த்திருக்கிறாள், தண்ணீரை மட்டும் கணக்குப் பண்ணியிருக்கிறாள். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும்.

பக்கத்துப் பெரிய தீவான உங்குஜாவில் இருக்கும் முதலாளி நாசோருக்குப் போன் போட்டாள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ரத்தக்கொதிப்பு, அவருக்கும் தூக்கம் இல்லை.

"பாஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று ஆரம்பித்து முழுதும் சொன்னாள்.

"ஸுவேனா, நானும் அந்தத் தேதியைப் பார்த்துத்தானே சரின்னேன். நாம ரெண்டு பேரும் கழுதைங்க. சரி, விடு. வேற தீவு?"

"இந்த நேரத்துல எல்லாத் தீவுலயும் ஆளு இருக்கும், பாஸ். எல்லாருக்கும்தானே நோன்பு?"

"அப்போ கிச்சாங்காகாரங்களை ஒரு வருஷம் வேற எங்கயாவது போகச் சொல்லு. ஒரே ஒரு வருஷம். அங்க பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவி உன் அக்காதானே?"

ஸுவேனா மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள்.

"என்ன, இன்னும் பேச்சுவார்த்தை இல்லையா?"

"ஆறு வருஷமாச்சு."

"சரியாப் போச்சு," என்றார் நாசோர். "பாரும்மா, மிரட்டுறேன்னு நினைக்காதே. இவங்க சும்மா ஆளுங்க இல்ல, அந்தப் பயணக் கம்பெனியே இவங்களோடதுதான். இது சொதப்பினா அடுத்த சீசன்ல பெம்பாவுக்கு ஆளே வர மாட்டாங்க. அப்புறம் அங்க உனக்கு என்ன வேலை இருக்கும், சொல்லு? போ. போய்க் கேளு."

அக்கா மிஸேயின் கணவர் ஒமர் ஆறு வருடத்துக்கு முன்னால் கடலில் இறந்துபோனார். செய்தி வந்தபோது ஸுவேனா வடக்கே ஒரு தீவில் நான்கு இத்தாலியர்களோடு இருந்தாள். அவர்களை விட்டுவிட்டு வர முடியாது என்று நினைத்தாள். வர முடிந்திருக்கும். படகுக்காரன் மக்காமேயை அங்கே நிறுத்திவிட்டு வேறு ஒரு படகு பிடித்திருந்தால் மாலைக்குள் வந்திருக்கலாம். அவள் வரவில்லை. மூன்றாம் நாள் ஓதி முடித்து, ஊர் கலைந்து, நாலாம் நாள் ஈரப் பாவாடையோடு வந்து நின்றாள். வெள்ளைத் துணி போர்த்தி மூலையில் உட்கார்ந்திருந்த மிஸே தலையைத் தூக்காமல் கேட்டாள். "விருந்தாளிங்க போயாச்சா? இப்பத்தான் எங்க முறை வந்துதா?" அதோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை கடைத்தெருவில் ஒரு கூடை அல்வா வாங்கினாள். ஓலைக் கூடையில் சுடச்சுட ஊற்றிக் கட்டித் தரும் நெய் அல்வா, மிஸேக்கு உயிர். கேட்கப் போகிற காரியத்துக்குக் கொஞ்சம் இனிப்பு இருக்கட்டும் என்றுதான் வாங்கினாள். டாலாடாலா வேனில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போனாள். கிராம்பு காயவைத்த பாய்களை ஒட்டி வேன் நெளிந்து நெளிந்து போனது. வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். வாக்கியங்கள் எல்லாம் மின்னஞ்சல் மாதிரியே வந்தன.

கிச்சாங்கா துறையில் மக்காமே படகுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருடமாக அவளுடைய படகுக்காரனும் சமையல்காரனும் அவன்தான். சமாசாரத்தைக் கேட்டதும் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

"அக்கா, இதை நீங்க கனவுல கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"நீ அவங்ககிட்டச் சொல்லிப் பாக்கறியா, மக்காமே? நீ சொன்னா கேப்பாங்க."

"நானா? என் பொண்டாட்டி நாலு நாளா அரிசி பொடைச்சிட்டிருக்கா. பானை உடைக்கிற அன்னிக்குத் தீவுக்குப் போகாதேன்னு நான் சொன்னா, முதல்ல என் மண்டையத்தான் உடைப்பா. நீங்க போங்க. உங்க அக்காதானே, கொல்லவா போறாங்க? ஆனா ஒண்ணு, வாசல்லயே நின்னு சொல்லிடுங்க. ஓடி வர வசதியா இருக்கும்."

மிஸேயின் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் துருவுபலகை மேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த முற்றம், ஸுவேனா வேலிப் படலைத் தள்ளியதும் ஒரேயடியாக அடங்கிவிட்டது. மிஸே நடுவில் இருந்தாள். ஆறு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, முன்வாயில் ஒரு பல் இல்லை. அவள் தங்கையைப் பார்த்தாள். பிறகு தங்கை கையிலிருந்த அல்வாக் கூடையைப் பார்த்தாள்.

ஸுவேனா கூடையை முன்னால் நீட்டினாள். "அக்கா," என்று மட்டும் வந்தது.

மிஸே துருவுபலகையை விட்டு எழுந்தாள். தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்து கூடையை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"வந்துட்டியா? நீயாவே வந்துட்டியா? ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முந்தி இந்தப் படலையத்தான் பாத்திட்டிருந்தேன். நான் மூத்தவ, நானா வர முடியாதுன்னு வீம்பு. நீ வந்துட்டே. மன்னிச்சிட்டேன். அல்லா சாட்சியா மன்னிச்சிட்டேன், கேளுங்கடி எல்லாரும்!"

முற்றமே குலவையிட்டது.

அந்த ஊரில் நோன்பு வருவதற்கு முந்தின வாரம் சண்டை போட்டவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். இளையவர்தான் முதலில் போக வேண்டும், கையில் ஏதாவது இனிப்பு இருக்க வேண்டும். வாய் திறந்து ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். இனிப்போடு வாசலில் வந்து நிற்பதே போதும். மனத்தில் வன்மத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் அது வெறும் பட்டினிதான், நோன்பாகாது. இதெல்லாம் ஸுவேனாவுக்குத் தெரியாததா? பிறந்த ஊர்தானே. நோன்புப் பிறையை மறந்த மாதிரியே இதையும் மறந்துபோனாள்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி, "நானும் உன்னைப் பத்திக் கண்டபடி பேசியிருக்கேன், என்னையும் மன்னிச்சிரு," என்றாள். "என்ன பேசுனே?" என்று இன்னொருத்தி கேட்க, "அதைச் சொன்னா மறுபடியும் மன்னிப்புக் கேக்கணும், போடி," என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மிஸேயும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். தட்டில் மீனும் மரவள்ளியும் வந்தன. தங்கையின் வாயில் முதல் கவளத்தை மிஸே தன் கையால் வைத்தாள்.

"நானும் ஒரு தப்புப் பண்ணினேன்," என்றாள் மிஸே, பெண்கள் தேங்காய்க்குத் திரும்பிய பிறகு. "நாலாம் நாள் வந்தவளைத் திரும்பிக்கூடப் பாக்கலை. நீ எவ்வளவு களைச்சு வந்திருந்தே. காலெல்லாம் சிப்பி கிழிச்சிருந்துது. பாத்தேன், பாத்தும் பேசலை. ஞாயித்துக்கிழமை எங்ககூடத் தீவுக்கு வா. என்கூட என் படகுலயே வா."

ஸுவேனா தலையை ஆட்டினாள். வந்த காரியத்தை இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கை கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பட்டப்பகலில், பேச்சுச் சத்தத்துக்கு நடுவே, மூன்று மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

விழித்தபோது மேலே ஒரு காங்காத் துணி போர்த்தியிருந்தது. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்திருந்தார்கள். போனில் நாசோரின் நான்கு தவறிய அழைப்புகள் இருந்தன. மிஸே பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமலே போய்விடலாம். போய், முடியவில்லை என்று நாசோரிடம் சொல்லிவிடலாம். அப்படிச் செய்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா? விருந்தாளியின் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கும் உடம்பு அது. அதோடு, அக்காவிடம் பொய்யாக ஒரு மன்னிப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகவும் அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டும் சேர்ந்து அவளைப் பேசவைத்தன.

"அக்கா, நான் மன்னிப்புக் கேக்க வரலை."

மிஸேயின் கை பயற்றில் நின்றது.

"ஞாயித்துக்கிழமை கஷானியில விருந்தாளிங்க இருப்பாங்க. தேதி பாக்கறதுல தப்புப் பண்ணிட்டேன். இந்த ஒரு வருஷம் நீங்க அங்க வர வேண்டாம்னு கேக்கத்தான் வந்தேன்."

"அல்வா?"

"அதுக்குத்தான்."

மிஸே முறத்தைக் கீழே வைத்தாள். கீழே சிந்தியிருந்த பயற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டாள். கத்தியிருந்தால் ஸுவேனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்க முடியாது," என்றாள் கடைசியில். "அது ஒமருக்காகக் கொடுத்தது. அது உன்கிட்டயே இருக்கட்டும். தீவுக்கு நாங்க வரலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சேத்து மேட்டுல பானையை வெச்சுக்கிறோம். போ, வண்டி போயிடப் போகுது."

"அக்கா..."

"வரலைன்னு சொல்லிட்டேன்ல? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

துருவுபலகைகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. முற்றத்தைத் தாண்டிப் போகும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குலவையிட்டவர்கள்தான் எல்லோரும்.

நாசோர் போனில், "ஸுவேனா, நீ தங்கம்!" என்றார். அவள் சரி பாஸ் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை நீரேற்றத்தில் மக்காமேயோடு கஷானிக்குப் போனாள். கூலியாட்கள் கூடாரம் அடித்து, கட்டில் பூட்டி, சாமான் இறக்கிவிட்டு அதே தண்ணீரில் திரும்பிப் போனார்கள். வெள்ளைத் துணியை ஹமாதி நன்றாகவே தைத்திருந்தார். கொசுவலைக்குள் பூ தூவி, ஐஸ் பெட்டிகளைப் புதர் மறைவில் வைத்து, சிங்கி இறாலை ஈரச் சாக்கில் மூடினாள். மதியம் மட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். பின்னோக்கி நடந்து நடந்து தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு வந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஒரு நண்டு குறுக்கே ஓடிருச்சு, அக்கா," என்றான் மக்காமே. "அது தடத்தையும் அழிக்கணுமா? இல்ல, நண்டுக்கு அனுமதி உண்டா?"

"வாயை மூடிட்டு அடுப்பைப் பாருடா."

மக்காமே வழக்கம்போலப் பேசினானே தவிர, வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறி நின்றது. விருந்தாளிகளின் படகு வரவில்லை. நான்கு மணிக்கு வடிய ஆரம்பித்தது. தீவில் ஒரே ஒரு இடத்தில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும், மேற்கு முனையில் ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்றாள். போன் அதிர்ந்தது. நாசோர் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"ஸுவேனா, தப்பா நினைக்காதே. அவங்க உங்குஜா ஓட்டல்லயே இருந்துட்டாங்க. அந்த அம்மாவுக்கு அலுப்பா இருக்காம். இன்னொரு விமானம், இன்னொரு படகுன்னு போக முடியலையாம். அங்க நீச்சல்குளமே நல்லா இருக்காம். அடுத்த வாரம் வேணா பாக்கலாம்னு சொல்றாங்க. உன் மேல கோபமே இல்லையாம், நீ ரொம்பப் பிரமாதமா ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு பாராட்டச் சொன்னாங்க."

அலுப்பாம். ஸுவேனா அந்த வார்த்தையை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பாறையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே பெருக்கிய மணல் ஒரு தடம் இல்லாமல், தேய்த்துப் போட்ட வேட்டியாகக் கிடந்தது. கேட்டவர்களுக்கு வேண்டாமாம். வேண்டியவர்களை அவளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மக்காமே வந்து பாறைக்குக் கீழே நின்றான். பதிவை அவனும் கேட்டான்.

"இன்னும் அடுப்பு மூட்டியிருக்க மாட்டாங்க, அக்கா," என்றான். "விடியக்காலம் தண்ணி ஏறும். ஒரு வார்த்தை சொன்னா பதினாலு படகும் வந்துரும். கூப்பிடுங்க."

மிஸேயின் எண் போனில் இருந்தது. ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்தாள். சூரியன் இறங்கும் நேரம். மணி ஆறு தடவை அடித்த பிறகுதான் மிஸே எடுத்தாள்.

"அக்கா, நான்தான். விருந்தாளிங்க வரலை. நாளைக்கு நீங்க எல்லாரும் வாங்க. இடம் சும்மாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் கோழிகள் கத்தின. மிஸே மெதுவாகக் கேட்டாள். "அவங்க வரலைன்னா நாங்க வரணுமா?"

ஸுவேனா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவங்க வந்திருந்தா நாங்க சேத்துல. வரலைன்னா நாங்க மணல்ல. அப்படித்தானே? ஒமர் செத்தப்போ கேட்டேனே, இப்பத்தான் எங்க முறை வந்துதான்னு. இன்னிக்கும் அதையேதான் கேக்கறேன்."

"அக்கா, மன்னிச்சிரு." குரல் உடைந்து வந்தது. அவள் யோசித்துச் சொன்னதில்லை, மின்னஞ்சல் வாக்கியமும் இல்லை. "அன்னிக்கு என்னால வர முடிஞ்சிருக்கும், அக்கா. மக்காமேயை விட்டுட்டு வந்திருக்கலாம். வரலை. ஆறு வருஷமா முடியலைன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டிருந்தேன். இப்பத்தான் கேக்கறேன். இதுதான் முதல் தடவை."

கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இணைப்பு போய்விட்டதா, மிஸேயே வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. திரும்பப் போட்டாள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தண்ணீர் ஏறியது. ஸுவேனா கரையில் நின்று கிழக்கே பார்த்தாள். வழக்கமாக மத்தளச் சத்தம்தான் முதலில் வரும், பிறகுதான் பாய்கள் தெரியும். எதுவும் வரவில்லை. மக்காமே வெகுநேரம் தயங்கிவிட்டு, "என் வீட்டுக்காரி காத்திருப்பா, அக்கா. நீங்களும் வர்றீங்களா?" என்றான்.

"என்ன முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது? நீ போ. சிங்கி இறால் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடு."

"நீங்க கொடுத்ததுன்னு சொல்லவா?"

"கடல் கொடுத்ததுன்னு சொல்லு."

அவன் போனான். அதன் பிறகு அந்தத் தீவில் அவளைத் தவிர மனுஷ வாடை இல்லை. நூறு மின்னஞ்சலில் எழுதியிருக்கிறாள், நீங்களும் கடலும் மட்டுமே என்று. இதுதானா அது? முதல் ஒரு மணி நேரம் பழக்க தோஷத்தில் கூடாரக் கயிற்றை இறுக்கினாள், ஐஸைக் கிளறிவிட்டாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். தண்ணீர் வடிந்து பாறைமேடு வெளியே தெரிந்தது, வெயில் உச்சிக்கு ஏறியது. கிழக்கே கரையில், சேற்று மேட்டுப் பக்கம், மெல்லிய புகை எழுந்தது. அடுப்பு எரிகிறது. இந்நேரம் அரிசி வெந்திருக்கும், மிஸே யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. முந்தின நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. கேட்க யாருமில்லை என்பதால் நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள்.

பிற்பகல் நீரேற்றத்தில் மக்காமேயின் படகு திரும்பி வந்தது. அவன் மட்டும்தான் வந்தான். படகை விட்டு இறங்கும்போது கையில் ஒரு ஓலைக் கூடை இருந்தது.

அவள் வாங்கிக்கொண்டுபோன அதே அல்வாக் கூடை. அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த ஊரில் வாங்கிய இனிப்பைத் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு, உறவு முறிந்தது என்று. கையை நீட்டாமல் நின்றாள்.

"வாங்கிக்கோங்க, அக்கா. கனமா இருக்கு," என்றான் மக்காமே.

கூடை சூடாக இருந்தது. உள்ளே வாழையிலை. இலைக்குள் தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் மீன் குழம்பும் தேங்காய் ரொட்டியும் இருந்தன. ஓரத்தில் ஒரு சின்ன இலைமடிப்பில் அல்வா, ஒரே ஒரு துண்டு, கத்தியால் நேராக வெட்டியது. ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டதில் அவளுடைய பங்கு.

"அக்கா ஏதாவது சொன்னாளா?"

"இறாலைப் பாத்து, வெங்காயம் இல்லாம எவளாவது குழம்பு வைப்பாளான்னு கேட்டாங்க. நான்தான் உங்க பட்டியலைப் பத்திச் சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க." மக்காமே தலையைச் சொறிந்தான். இப்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினான். "அப்புறம், செவ்வாக்கிழமை சாயங்காலம் பிறை பாக்க வரச் சொன்னாங்க. நோன்பு முடியற வரைக்கும் அங்கேயே இருக்கணுமாம். ஒண்ணு மட்டும் உங்ககிட்டக் கண்டிப்பாச் சொல்லச் சொன்னாங்க."

"என்ன?"

"கையில எதுவும் கொண்டு வரக் கூடாதாம். வெறுங்கையோட வரணுமாம்."

ஸுவேனா மணலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இலையை வழித்துச் சாப்பிட்டாள். அல்வாவைக் கடைசிக்கு வைத்திருந்து, அதையும் சாப்பிட்டாள். போன் பாறைப் பக்கம் கிடந்தது, நாசோர் கூப்பிட்டிருப்பார், அந்த அம்மாள் பதினெட்டாவது மின்னஞ்சல் அனுப்பியிருப்பாள். கையை மணலில் துடைத்துக்கொண்டு எழுந்து, பூத் தூவிய கட்டிலில் செருப்பில்லாத காலோடு ஏறிப் படுத்தாள்.

"தண்ணி வடியறதுக்குள்ள கிளம்பணுமே, அக்கா," என்றான் மக்காமே.

"அடுத்த தண்ணிக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.